பொங்கல் வச்சாச்சு, ஹோலி ஆடியாச்சு, அப்புறமும் ஏன் ஆளுக்கொரு மூலைல நிக்கிறாங்க?

கேட்டிருந்த கேள்வி இதுதான்: பெருங்குடில 84 வீடு இருக்குற அபார்ட்மெண்ட், தமிழ், தெலுங்கு, மலையாளம், பெங்காலி, ஹிந்தி பேசுறவங்க எல்லாரும் இருக்காங்க, எல்லா மதத்துக்காரங்களும் இருக்காங்க. பொங்கல், ஓணம், ஹோலி, இஃப்தார், கிறிஸ்துமஸ் எதையும் விடாம கொண்டாடுறோம், ஆனா மறுநாள் பார்த்தா பழையபடி அவங்கவங்க கூட்டம் அவங்கவங்களுக்கு, வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டை. என்ன பண்ணா இவங்க ஒண்ணு சேருவாங்க?

நான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல சென்னைல குடியிருப்புப் பகுதிகள்ல மக்களோட வேலை செஞ்சிட்டு வர்றேன், தென் சென்னைதான் அதிகம். விழாவை நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன், நல்லா நடத்துங்க. ஆனா விழாவால மட்டும் யாரும் ஒண்ணு சேர்ந்து நான் பார்த்ததில்ல. கஷ்டமான ஒரு வேலை, சரியா நடக்கலன்னா எல்லார் வீட்டுக்கும் நஷ்டம் வர்ற வேலை, அதைச் சேர்ந்து செய்யும்போதுதான் சேர்றாங்க. அதுலயும் அந்த வேலையோட சாவி ஒரே கைல இல்லாம எல்லார் கைக்கும் மாறி மாறி வரணும்.

உங்க பொங்கலையே எடுத்துக்குங்க. பானை வாங்கினது யாரு, கோலம் போட்டது யாரு, மைக் பிடிச்சது யாரு? அநேகமா ஒரே ஆறேழு குடும்பம்தான் இருக்கும். பெங்காலிக் குடும்பம் வந்து நிக்கும், போட்டோ எடுக்கும், சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். ஹோலி அன்னைக்கு அப்படியே தலைகீழ், நீங்க போய் விருந்தாளியா நிப்பீங்க. வருஷம் பூரா ஒருத்தருக்கொருத்தர் விருந்தாளியாவே இருந்தா எப்பங்க வீட்டாள் ஆகுறது? விருந்தாளிகிட்ட யாரும் கோவிச்சுக்க மாட்டோம், உரிமையா கேள்வியும் கேக்க மாட்டோம், அவங்க தப்பு பண்ணா முகத்துக்கு நேரா சொல்ல மாட்டோம், அதெல்லாம் சேர்ந்துதான் குரூப்ல போய் வெடிக்குது.

இதைப் பத்தி உளவியல்ல பழைய ஆராய்ச்சி இருக்கு. கார்டன் ஆல்போர்ட்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர், 1954-லயே சொன்னாரு, வேற வேற ஆளுங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சா மட்டும் வெறுப்பு குறையாது, அதுக்கு நாலு விஷயம் வேணும்னு. ரெண்டு பக்கமும் சமமான இடத்துல நிக்கணும், ரெண்டு பேருக்கும் ஒரே நோக்கம் இருக்கணும், அந்த நோக்கத்துக்காகக் கை கோத்து வேலை செய்யணும், சட்டமோ நிர்வாகமோ பெரியவங்களோ அதுக்குப் பின்னாடி நிக்கணும். அதுக்கப்புறம் உலகம் முழுக்க இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க, 2006-ல பெட்டிக்ரூ, ட்ராப்னு ரெண்டு பேர் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, பழக்கம் பொதுவா வெறுப்பைக் குறைக்குது, அந்த நாலும் இருந்தா இன்னும் நல்லாக் குறைக்குதுன்னு வந்துச்சு. உங்க விழாவை இந்த நாலோட வச்சுப் பார்த்தீங்கன்னா எங்க இடிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம நாட்டுலயே நடந்த ஒண்ணு இருக்கு. மேத்யூ லோவ்ங்கிற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்துல 1,261 இளைஞர்களை வச்சு கிரிக்கெட் லீக் நடத்தினாரு. சில டீம்ல எல்லாச் சாதிப் பசங்களும் கலந்து, சில டீம்ல ஒரே சாதி. கலந்த டீம்ல ஒண்ணா ஆடினவங்களுக்கு வேற சாதில நண்பர்கள் கூடினாங்க, யாருக்கு கிரிக்கெட் பரிசுன்னு ஓட்டு போடும்போது தன் சாதிக்காரனுக்கே போடுறது குறைஞ்சுச்சு. ஆனா எதிர் டீமாவே சந்திச்சுக்கிட்டவங்ககிட்ட அது நடக்கல, சில விஷயத்துல வேற சாதிக்காரங்களோட பழகுறது இன்னும் குறையவே செஞ்சுது. அதனால ஸ்போர்ட்ஸ் டே நடத்துறதா இருந்தா தயவு செஞ்சு ஏ பிளாக் எதிர் பி பிளாக்னு போடாதீங்க, ஏ பிளாக் முழுக்க ஓனர், பி பிளாக் முழுக்க வாடகைக்காரங்கன்னா அது விளையாட்டா இருக்காது. சீட்டு குலுக்கிப் போட்டு டீம் பிரிங்க.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஈராக்ல போருக்கு அப்புறம் கிறிஸ்தவங்க ஆடுற கால்பந்து டீம்கள்ல முஸ்லிம் ஆட்டக்காரங்களைச் சேர்த்து சல்மா மூசாங்கிறவங்க ஆய்வு பண்ணாங்க, 2020-ல வந்துச்சு. டீமுக்குள்ள ரொம்ப நல்ல மாற்றம், லீக் முடிஞ்சு மாசக்கணக்கு ஆகியும் கலந்து பயிற்சி பண்ணாங்க. ஆனா மைதானத்துக்கு வெளில, முகம் தெரியாத முஸ்லிம்கள் இருக்குற இடத்துக்குப் போற விஷயத்துல பெருசா எதுவும் மாறல. அதாவது நம்ம மாடி வீட்டு பாய் நல்லவர்ங்கிற எண்ணம் வந்துடும், வேற ஒரு பாய் வாடகைக்கு வீடு கேட்டு வந்தா அந்த எண்ணம் தானா உதவாது. அதுக்குத் தனியா மெனக்கெடணும், அதைக் கீழ சொல்றேன்.

இப்ப நான் பக்கத்துல இருந்து பார்த்த ஒண்ணைச் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

2019 கோடை ஞாபகம் இருக்கும், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு போய் ஊரே குடத்தைத் தூக்கிட்டு அலைஞ்ச வருஷம். பள்ளிக்கரணை பக்கம் ஒரு சந்து, முப்பத்தெட்டு குடும்பம், தமிழும் தெலுங்கும் கலந்து, நாலு முஸ்லிம் வீடு, கடைசில வரிசையா ஆறு ரூம், அதுல கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பசங்க இருபத்திரண்டு பேர். தெருமுனைல ஒரு கருப்பு டேங்க், லாரி வந்து அதை ரொப்பிட்டுப் போகும். லாரி வர்றது காலைல பத்து, பத்தரை. பசங்க ஏழு மணிக்கே சைட்டுக்குப் போயிடுவாங்க, ஒருத்தனை மட்டும் லீவு போட வச்சு விட்டுட்டுப் போவாங்க, அவன் இருபது பெயிண்ட் பக்கெட்டை வரிசையா வச்சுட்டு நிப்பான். ஒரே ஆள் இருபது பக்கெட் வச்சா எங்க புள்ளைங்க என்ன குடிக்கிறதுன்னு பொம்பளைங்க கத்துவாங்க, அவங்க கத்துறது நியாயம். அந்தப் பையனுக்கோ ஒரு நாள் கூலி போச்சு, தண்ணியும் கிடைக்கல, என்ன திட்டுறாங்கன்னும் புரியல, அவன் பக்கமும் நியாயம். ஒரு நாள் பக்கெட்டை உதைச்சுத் தள்ளி, கைகலப்பு ஆகி, போலீஸ் வரைக்கும் போச்சு.

நாங்க முதல்ல ஒரு கூட்டம் போட்டோம், எல்லாரும் மனுஷங்கதானே, விட்டுக்குடுத்துப் போகலாம்னு பேசினோம். எல்லாரும் தலையாட்டினாங்க, மறுநாள் திரும்பவும் அதே சண்டை. வழி சொன்னது அந்தத் தெருல இட்லி சுடுற அக்காதான். "பக்கெட்டை எண்ணாதீங்க, தலையை எண்ணுங்க"ன்னாங்க. எந்த வீட்ல எத்தனை தலை, தலைக்கு ரெண்டு குடம், ஒரு நோட்டுல எழுதி டிக் அடிச்சுக் குடுக்கணும். சரி, நோட்டை யார் வச்சுக்கிறது? அங்கதான் மறுபடி சண்டை. கடைசில வாரம் ஒரு வீடுன்னு முடிவாச்சு, அதுல பசங்க ரூமும் உண்டுன்னு அக்கா பிடிவாதமா நின்னாங்க, நிறைய பேருக்கு அது பிடிக்கல.

அஞ்சாவது வாரமோ ஆறாவது வாரமோ நோட்டு பசங்க ரூமுக்குப் போச்சு. அந்த வாரம் உக்காந்த பையனுக்கு இருபது வயசு இருக்கலாம், பெயிண்ட் பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்திருந்தான். தமிழ் படிக்கத் தெரியாது, அதனால பேருக்குப் பதிலா கதவு நம்பரைப் போட்டு, பக்கத்துல சின்னச் சின்னதா குடம் வரைஞ்சு வச்சிருந்தான், தண்ணி குடுத்ததும் அந்தக் குடத்தைக் கறுப்படிப்பான். மூணாம் நாள் லாரி பாதி லோடுதான் கொண்டு வந்துச்சு. எல்லாருக்கும் குறைக்கணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு எல்லாரும் பார்த்துட்டு நிக்கிறாங்க. அவன் நோட்டைத் திருப்பி கடைசிப் பக்கத்துல இருந்த தன் ரூம் வரிசைக்குப் போய் முதல்ல அதுல பாதிக் குடத்தைக் கோடு போட்டுக் குறைச்சான். அப்புறம்தான் ஒண்ணாம் நம்பர் வீடு. யாரும் ஒரு வார்த்தை பேசல. அன்னைக்குச் சாயந்திரம் ரெண்டு வீட்லேர்ந்து ஒவ்வொரு குடம் அந்த ரூம் வாசலுக்குப் போச்சு, யார் வச்சாங்கன்னு எனக்குத் தெரியும், சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க.

நாலு வருஷம் கழிச்சு 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அந்தச் சந்துல இடுப்பளவு தண்ணி. பழைய நோட்டுல யார் யார் எந்த வீடு, எத்தனை தலைன்னு இருந்தது ஒரு பக்கம், அதைவிட முக்கியமா எல்லார் வீட்டுக் கதவும் எல்லாருக்கும் பழக்கமா இருந்துச்சு. கீழ் வீட்டுல சர்க்கரை வியாதில கால் எடுத்த ஒரு பாட்டி, அவங்களை பிளாஸ்டிக் சேரோட தூக்கி மாடிக்குக் கொண்டு போனது அந்த ரூம் பசங்க, பாதிப் பேர் புதுசு, ஆனா ரூம் அதே ரூம், நோட்டுப் பழக்கமும் அப்படியே கை மாறி வந்திருக்கு. பசங்க ரூம் முழுகிப் போச்சு, மூணு நாள் மாடி வீடுகள்லதான் சாப்பாடு, ஒரு முஸ்லிம் வீட்டு மொட்டை மாடில படுக்கை. அந்தத் தெருல இது வரைக்கும் ஒரு ஒற்றுமை விழா கூட நடந்ததில்ல.

இதேதான் அஷுதோஷ் வர்ஷ்னிங்கிற அரசியல் அறிஞர் இந்திய நகரங்களை வச்சுச் சொன்னாரு. கோழிக்கோடு, அலிகார், ரெண்டு ஊர்லயும் முஸ்லிம் மக்கள் விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அலிகார்ல திரும்பத் திரும்பக் கலவரம், கோழிக்கோட்டுல அப்படி இல்ல. காரணம் என்னன்னு போய்ப் பார்த்தா, கோழிக்கோட்டுல வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலைன்னு எல்லாத்துலயும் ரெண்டு மதத்துக்காரங்களும் உறுப்பினரா, பொறுப்புல இருந்தாங்க. புரளி கிளம்பும்போது அதை அடக்க அந்த வலை இருந்துச்சு. அலிகார்ல அப்படிப்பட்ட அமைப்பு பலவீனம், பத்திரிகைலயே புரளி அச்சாகியும் தடுத்து நிறுத்த கலப்பான அமைப்பு இல்ல. கிராமத்துல தினம் முகம் பார்த்துப் பழகுறதே போதுமாம், நகரத்துக்கு அது பத்தாது, அமைப்பு வேணும்னு அவரு சொல்றாரு. சென்னை மாதிரி ஊருக்கு இது அப்படியே பொருந்தும், பக்கத்து ஃபிளாட்காரர் பேரு தெரியாமலே அஞ்சு வருஷம் ஓட்டுற ஊரு இது.

புரளின்னு சொன்னதும் ரெண்டு விஷயம் மறக்க முடியல. 2018 மே மாசம், குழந்தை கடத்துறாங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்தின புரளியால, குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தைத் திருவண்ணாமலை மாவட்டத்துல ஊரே சேர்ந்து அடிச்சு, ஒரு வயசான அம்மா செத்தே போனாங்க, குழந்தைகளுக்கு சாக்லேட் குடுத்ததுதான் அவங்க பண்ணது. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளை அடிச்சுக் கொல்றாங்கன்னு போலி வீடியோக்கள் பரவி, தொழிலாளிங்க பயந்து ரயில் ஏறினாங்க, பீகார்லேர்ந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துட்டுப் போச்சு. அந்த வாரம் அந்தப் பள்ளிக்கரணைப் பசங்க யாரும் கிளம்பல. இட்லி அக்காகிட்ட போய் போனைக் காட்டி நிஜமான்னு கேட்டிருக்காங்க. ஒரு வீடியோ வந்தா யார்கிட்ட போய்க் கேக்கணும்னு ஒரு மனுஷனுக்கு இந்த ஊர்ல ஒரு முகம் இருக்கணுங்க, நான் இத்தனை நாளா பண்ற வேலையே அதுக்காகத்தான்.

சென்னைக்கு இது புதுசில்ல. திருவல்லிக்கேணி பெரிய மசூதி, 1795-ல கட்டின வாலாஜா மசூதி, அங்க ரம்ஜான் மாசம் முழுக்க நோன்பு திறக்குற சாப்பாட்டை 30 வருஷத்துக்கும் மேலா மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளைக்காரங்க சமைச்சு வேன்ல கொண்டு வந்து பரிமாறுறாங்க. அதை ஆரம்பிச்ச தாதா ரத்தன்சந்த் பிரிவினைல சிந்துலேர்ந்து அகதியா வந்த ஒரு இந்து. ஒரு நாள் இஃப்தார் வச்சு போட்டோ எடுத்துக்கிறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க, மாசம் பூரா தினமும் அதே ஆளுங்க, அதே கை, வருஷா வருஷம். வடசென்னைல கேரம் கிளப்பும் பாக்ஸிங் கிளப்பும் பண்றதும் இதுதான். புது வண்ணாரப்பேட்டை பக்கத்து ஆட்டோ டிரைவர் பொண்ணு காசிமா 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்கினப்ப அந்த ஏரியாவே கொண்டாடுச்சு, எந்தத் தெருப் பையனா இருந்தாலும் ஒரே போர்டைச் சுத்தி உக்காந்து பவுடர் போட்டு ஆடுற இடம் அது.

ஆல்போர்ட் சொன்ன நாலாவது விஷயம், நிர்வாகம் பின்னாடி நிக்கிறது, அதுக்கு நம்ம உதாரணம் சமத்துவபுரம். 1997-98 வாக்குல கலைஞர் ஆட்சில ஆரம்பிச்சது, ஒரு ஊருக்கு 100 வீடு, 40 பட்டியலினத்தவருக்கு, 25 பிற்படுத்தப்பட்டவங்களுக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டவங்களுக்கு, 10 மத்தவங்களுக்கு, கலந்து கலந்து ஒதுக்கினாங்க. அதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது ஒரே சுடுகாடுன்னு வச்சது. செத்த பிறகும் தனித்தனியா போற நாட்டுல அதை விதியாவே எழுதினாங்க. பக்கத்துல வீடு குடுத்தா மட்டும் எல்லாம் மாறிடாதுதான், ஆனா விதி இல்லாம வெறும் நல்ல மனசை நம்பினா பலவீனமானவங்கதான் எப்பவும் விட்டுக்குடுக்க வேண்டி வரும்.

சரி, உங்க அபார்ட்மெண்ட்டுக்கு வருவோம். முதல்ல பார்க்க வேண்டியது யாருக்குக் குரல் இல்லைங்கிறது. உங்க அசோசியேஷன்ல ஓட்டு ஓனருக்குத்தான் இருக்கும், பெங்காலி, ஹிந்தி, தெலுங்கு குடும்பங்கள்ல பாதிக்கு மேல வாடகைல இருப்பாங்கன்னு நினைக்கிறேன், சென்னைல பெரும்பாலும் அப்படித்தான். அப்போ நீங்க மொழிச் சண்டைன்னு நினைக்கிறதுல பாதி ஓனர், வாடகைக்காரர் சண்டை. ஓட்டு குடுக்க முடியாட்டியும் தண்ணி, குப்பை, லிஃப்ட், பார்க்கிங் ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு பேர் குழு போட்டு அதுல வாடகைக்காரங்களையும் சேர்க்கலாம், அதுக்கு எந்தத் தடையும் இல்ல. குழுவுக்கு ஆள் சீட்டு குலுக்கி எடுங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, மோட்டார் ரூம் சாவி நிஜமாவே அந்தக் குழுகிட்ட இருக்கட்டும், செகரட்டரி வீட்ல ஒரு டூப்ளிகேட் வச்சுக்கிட்டு பேருக்குக் குழு போட்டீங்கன்னா எல்லாருக்கும் ஒரு வாரத்துல புரிஞ்சிடும்.

மீட்டிங்ல மொழிப் பிரச்சனை வரும். தமிழ்ல பேசுங்க, இது தமிழ்நாடு, அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல, ஆனா புரியாதவங்க பக்கத்துல ஒருத்தரை உக்கார வச்சு சொல்ல வைங்க, முடிவை ரெண்டு மூணு மொழில போர்டுல ஒட்டுங்க. வந்தவங்களுக்குத் தமிழ் கத்துக்குடுக்க ஆள் இருந்தா இன்னும் நல்லது, வீட்டு வேலை செய்ற அக்காங்களும் செக்யூரிட்டியும்தான் அதுல நல்ல வாத்தியாருங்க.

அவங்களைப் பத்திச் சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. பல அபார்ட்மெண்ட்ல வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி லிஃப்ட், தனி டம்ளர், பாத்ரூம் போகக்கூட இடம் கிடையாது. கீழ செக்யூரிட்டி ரூம்ல ஃபேன் ஓடாது, மேல ஹால்ல ஒற்றுமை பத்தி மீட்டிங் நடக்கும். குழந்தைங்க அதைப் பார்த்துதான் யாரை எங்க வைக்கணும்னு கத்துக்குது. அதை முதல்ல மாத்துங்க. அதே மாதிரி வீடு வாடகைக்கு விடும்போது முஸ்லிமுக்கு இல்ல, கவுச்சி சாப்பிடுறவங்களுக்கு இல்லன்னு புரோக்கர்கிட்ட சொல்ற ஓனர்ங்க உங்க 84-லயும் இருப்பாங்க. கால்பந்து ஆய்வுல சொன்ன இடம் இதுதான், பழகின பாய்க்கு பிரியாணி வாழ்த்து, பழகாத பாய்க்கு கதவு சாத்தல். அந்த ஓனர்கிட்ட பாயைப் பேசச் சொல்லாதீங்க, அந்த ஓனரோட மதம், சாதி, ஊர்லேர்ந்தே ஒருத்தர் போய்த் தனியா பேசணும். நம்மாளுக்கு நம்மாளு சொன்னாத்தான் காதுல ஏறும், குரூப்ல தப்பா ஃபார்வர்டு போட்டாலும் இதே முறைதான்.

குரூப்ல புகார் எழுதுறதை நிறுத்தி, பார்க்கிங்ல வண்டி விட்டுட்டாங்களா, கதவைத் தட்டுங்கன்னு ஒரே ஒரு விதி போட்டுப் பாருங்க. ஆனா எல்லாரும் எல்லாருக்கும் சிநேகிதம் ஆகணும்னு எதிர்பார்க்காதீங்க. சிலருக்குத் தனியா இருக்கப் பிடிக்கும், அது அவங்க உரிமை.

எங்க ஆரம்பிக்கிறதுன்னா, வடகிழக்குப் பருவமழை வர்றதுக்கு முன்னாடி, செப்டம்பர்லயே ஒரு லிஸ்ட் எடுங்க. எந்த வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்க, யாருக்கு டயாலிசிஸ், யார் வீட்ல கைக்குழந்தை, யாருக்கு நீச்சல் தெரியும், யார்கிட்ட இன்வெர்ட்டர், செக்யூரிட்டியும் அவர் குடும்பமும் தண்ணி ஏறினா எந்த மாடிக்குப் போவாங்க. ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரா போங்க, ரெண்டு பேரும் வேற வேற மொழிக்காரங்களா இருக்கட்டும், கூகுள் ஃபார்ம் வேண்டாம், கதவைத் தட்டிக் கைல எழுதுங்க. 80 பக்க நோட்டு ஒண்ணு போதும், முதல் மாசம் வச்சுக்க அதைப் புதுசா குடி வந்த வாடகை வீட்டுக்குக் குடுங்க.